கை வரவில்லையா, கழுத்துப் பொருந்தவில்லையா?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டான் என்று வாங்கிக் கொடுத்த கிட்டார், பாஸ்கா விழா வருமுன்னரே சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்படுகிறது. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இக்காட்சியைக் காணலாம். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் இதனைக் கண்டிருப்பர். "ஏன், தம்பி இப்போது வாசிப்பதில்லையா?" என்று கேட்டால், பெற்றோரிடமிருந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "அவனுக்குக் கை வரல, சாமி."

கை வரவில்லை என்னும் இத்தீர்ப்பு எளிதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதைக் கேட்ட பிள்ளையின் உள்ளத்தில் அது நெடுங்காலம் தங்கிவிடுகிறது. பாடகர் குழுவிலிருந்து மெல்ல விலகி, கோவிலின் பின்வரிசையில் போய் நிற்கும் இளையோர் சிலருடைய கதை இவ்வாறு தொடங்கியதே. கை உண்மையாகவே வரவில்லையா, அல்லது அந்தக் கைக்கு அந்தக் கருவியின் கழுத்துப் பொருந்தவில்லையா என்று ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

திருவழிபாட்டில் கிட்டார்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், குழலார்கன் என்னும் பேரிசைக் கருவிக்கு உயர்ந்த இடம் அளித்தது. அதே வேளையில், திருவழிபாட்டின் மாண்புக்கு ஏற்றவையாகவும் இறைமக்களின் பத்தியை வளர்ப்பவையாகவும் இருக்கும் பிற கருவிகளையும், உரிய திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என வழி திறந்தது. 1967இல் வெளிவந்த திருவழிபாட்டு இசை பற்றிய வழிமுறையும் அதனை உறுதிசெய்தது. ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் ஒலித்த நம் ஆலயங்களுக்குள் கிட்டாரும் வந்து சேர்ந்தது. முதலில் நைலான் தந்தி பூட்டிய மரக்கிட்டார். பின்னர் எஃகுத் தந்திக் கிட்டார். இப்போது ஒலிபெருக்கியுடன் இணைக்கப்படும் மின்கிட்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே அமைந்துள்ள எங்கள் சிவகிரியிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. வயல் வேலை முடித்து வருகிற உழவரும், தோப்புத் தொழிலாளரும், பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்ததே பாடகர் குழு. முறையாக இசை பயின்றவர் எவருமில்லை. ஒருவர் வாசிப்பதைப் பார்த்து மற்றொருவர் கற்றுக்கொள்வதே அவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி. இத்தகைய குழுவில் கருவியின் அமைப்பைப் பற்றிப் பேசுவார் இல்லை. கருவி கிடைத்ததே பெரும்பேறு என்னும் எண்ணமே மேலோங்கியிருக்கும்.

சிறு துண்டு, பெரிய வேலை

கிட்டாரின் தலைப்பகுதியும் விரல் பதிக்கும் பலகையும் கூடும் இடத்தில், குறுக்காக ஒரு சிறு துண்டு பதிக்கப்பட்டிருக்கும். எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்ட அத்துண்டில் ஆறு பள்ளங்கள் இருக்கும். ஆறு தந்திகளும் அப்பள்ளங்களின் வழியே இறங்கி, கழுத்தின் மீது ஓடி, உடற்பகுதியில் உள்ள குதிரையைச் சென்றடையும். வாசிப்போர் அத்துண்டினை 'நட்' என்று அழைப்பர். மரையாணியில் மாட்டும் நட்டுக்கும் இதற்கும் உறவில்லை.

இந்த நட்டின் அகலமே கழுத்துத் தொடங்கும் இடத்தின் அகலம். பள்ளங்களுக்கு இடையே விடப்படும் தொலைவே தந்திகளின் இடைவெளி. தந்திகள் இங்கே நெருங்கி நின்று, குதிரையை நோக்கிச் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும். ஆகவே தொடக்க நிலையில் கற்கும் பிள்ளை முதன்முதல் விரல் வைக்கும் இடமே கருவியில் மிக நெருக்கமான இடமாகும். ஒடுக்கமான வாயிலைப் பற்றி ஆண்டவர் போதித்தார் என்பதற்காக, பிள்ளைகளின் விரல்களுக்கும் நாம் வாயிலை ஒடுக்கிவைக்க வேண்டியதில்லை!

அளவுகளைச் சற்றுக் காண்போம். நைலான் தந்தி பூட்டிய செவ்வியல் கிட்டாரில் நட்டின் அகலம் வழக்கமாக 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்தி மரக்கிட்டார்களில் 43 முதல் 44.5 மி.மீ. வரை. மின்கிட்டார்களில் ஃபெண்டர் வகையின் பழைய அளவு 42 மி.மீ.; கிப்சன் வகையில் ஏறத்தாழ 43 மி.மீ. மின்கிட்டாருக்கும் செவ்வியல் கிட்டாருக்கும் இடையே 10 மி.மீ. வேறுபாடு. ஒரு விரலின் அகலத்தில் பாதிக்கு மேல் அது.

நட் முழுவதிலும் தந்திகள் பரவியிருப்பதில்லை. இரு ஓரங்களிலும் மூன்று, மூன்றரை மி.மீ. விளிம்பு விடுவர், இல்லையேல் ஓரத்துத் தந்தி பலகையை விட்டு நழுவி விழும். எனவே 42 மி.மீ. நட்டில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 35 மி.மீ. தொலைவே கிடைக்கும். அதனை ஐந்து இடைவெளிகளாகப் பகிர்ந்தால், ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்த தந்தியின் நடுவுக்கு 7 மி.மீ. செவ்வியல் கிட்டாரில் இவ்விடைவெளி எட்டரை மி.மீ.க்குச் சற்று மேல். ஒன்றரை மில்லிமீட்டர் தானே என்று தோன்றும். ஆனால் ஒரு தந்தியை அழுத்தும் விரல் பக்கத்துத் தந்தியைத் தொடாமலிருக்க வேண்டும்; தொட்டால் அத்தந்தி ஒலிக்காமல் மழுங்கிப் போகும். விரலுக்கும் பக்கத்துத் தந்திக்கும் இடையே எஞ்சியிருக்கும் வெறும் இடம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்த ஓரிரு மில்லிமீட்டரில் ஒன்றரை என்பது மிகப் பெரிது.

அகலம் கூடினால் எல்லாருக்கும் நன்மையா என்றால், அதுவும் இல்லை. அகலமான கழுத்தில் ஆறாம் தந்தியை எட்டிப் பிடிக்க விரல்கள் நீள வேண்டும். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பார் கார்டுகளில், சிறிய கையுடைய பிள்ளைக்கு விரலே போதாது. மணிக்கட்டு வளைந்து வலிக்கும். பருத்த விரலுக்கு அகலம் வரம். குறுகிய விரலுக்கு அதுவே சுமை.

இருவர் பட்ட துன்பம்

எங்கள் குழுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருபவர் ஒருவர். கிணறு வெட்டுவதும் கல் உடைப்பதும் அவர் தொழில். பங்கில் இருந்த பழைய நைலான் தந்திக் கிட்டாரிலேயே இளமையில் தாமாகக் கற்றவர். வெளிநாட்டில் பணிபுரியும் பங்குக் குடும்பம் ஒன்று, ஆலயத் திருவிழாவின்போது புதிய மின்கிட்டார் ஒன்றை அன்பளிப்பாக வழங்கியது. மூத்தவர் என்ற முறையில் அது அவருக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பழைய நைலான் கிட்டார், புதிதாகக் குழுவில் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் வந்தது. பெரியவருக்குப் பெரிய கருவி, சிறியவளுக்குப் பழைய கருவி. உலக வழக்கம் அதுதானே!

சில வாரங்களில் இருவர் வாசிப்பும் தளர்ந்தது. எத்தனையோ திருவிழாக்களில் துல்லியமாக வாசித்தவருடைய கார்டுகளில் இப்போது ஒன்றிரண்டு தந்திகள் ஒலிக்காமல் போயின. "வயசாகுதுல்ல சாமி, விரல் மரத்துப் போச்சு" என்று அவர் சிரித்து மழுப்பினார். அச்சிறுமியோ பயிற்சி முடிந்தபின் இடது மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே நிற்பாள். ஒரு நாள் அவள் தாயார் வந்து, "இவளுக்குக் கை வராது போலிருக்கு சாமி. படிப்பும் கெடுது. குழுவில இருந்து எடுத்துக்கிறேன்" என்றார். ஒருவர் தம் வயதைக் குறை கூறினார். மற்றவள் தன் கையைக் குறை கூறினாள். கருவியைக் குறை கூற இருவருக்கும் தோன்றவில்லை. ஒன்று அன்பளிப்பு, மற்றது பங்கின் சொத்து. அவற்றைக் குறை கூறுவது முறையாகுமா என்னும் தயக்கம் வேறு!

குழுவில் பாடும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் வெர்னியர் காலிப்பர் என்னும் அளவுகோலை ஒரு சனிக்கிழமை கொண்டுவந்தான். மின்கிட்டாரின் நட் 42 மி.மீ., நைலான் கிட்டாரின் நட் 52 மி.மீ. என்று அளந்து சொன்னான். விளையாட்டாக அனைவருடைய விரல்களையும் அளந்தான். கல் உடைப்பவருடைய ஆள்காட்டி விரல் நுனி 19 மி.மீ.; மாணவியின் விரல் நுனி 12 மி.மீ. எண்கள் தாமே பேசின. பருத்த விரல்களுக்கு நெருக்கமான கழுத்தையும், சின்னஞ்சிறு விரல்களுக்கு அகன்ற கழுத்தையும் கொடுத்திருந்தோம். கருவிகளை மாற்றிக்கொண்டால் போதும்.

அளப்பது எளிதாயிற்று; மாற்றுவது எளிதாகவில்லை. "பெரிய கிட்டாரைப் புடுங்கிப் பொட்டப்புள்ள கையில கொடுக்கப் போறாங்களாம்" என்னும் பேச்சு ஞாயிறு காலைக்குள் ஊரில் பரவிவிட்டது. அடுத்த இரு சனிக்கிழமைகளும் அம்மனிதர் பயிற்சிக்கு வரவில்லை. இருபதாண்டுத் தொண்டினை ஒரு காலிப்பர் அளந்து தள்ளிவிட்டது போல் அவர் மனம் நொந்திருக்கக் கூடும். நானும் வற்புறுத்தவில்லை. கருவியை மாற்ற ஆணையிடலாம். மதிப்பை ஆணையிட்டுத் திருப்பித்தர இயலாது.

அவ்வேளையில் வேறொரு வழியும் தேடப்பட்டது. மின்கிட்டாரை மதுரைக்கு எடுத்துச் சென்று, இசைக்கருவிகளைச் சீர்செய்யும் ஒருவரிடம் காட்டினோம். புதிய எலும்பு நட் ஒன்றைச் செதுக்கி, தந்திகளைச் சற்று விரித்து வைக்கலாம் என்றார் அவர். 35 மி.மீ. பரப்பை முப்பத்தாறரை வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் விரித்தால் ஓரத்துத் தந்தி நழுவும். "நட்டை மாத்தலாம் சாமி, கழுத்தை மாத்த முடியாது" என்று அவர் முடித்தார். ஐந்து இடைவெளிகளுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது வெறும் 0.3 மி.மீ. கல் உடைக்கும் விரலுக்கு அது போதாது.

அவரிடம் கற்ற நுட்பங்கள்

அந்தச் சீர்செய்பவர் சொன்னவற்றுள் சில, வாசகர்கள் அனைவருக்கும் பயன்படும்.

முதலாவது, இடைவெளியைப் பங்கிடும் முறை. தந்திகளின் நடுப்புள்ளிகளைச் சம தொலைவில் வைத்தால் சமமாகப் பங்கிட்டதாகத் தோன்றும், அது உண்மையன்று. மின்கிட்டாரின் முதல் தந்தி ஏறத்தாழ 0.25 மி.மீ. தடிமன்; ஆறாம் தந்தி ஏறத்தாழ 1.17 மி.மீ. நடுப்புள்ளிகள் 7 மி.மீ. தொலைவில் இருக்குமானால், மெல்லிய தந்திகளுக்கு இடையே 6.7 மி.மீ. வெற்றிடமும், தடித்த தந்திகளுக்கு இடையே 6 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான வெற்றிடமுமே இருக்கும். ஆகவே தேர்ந்த கைவினைஞர் நடுப்புள்ளிகளைப் பார்ப்பதில்லை. தந்தியின் விளிம்புக்கும் அடுத்த தந்தியின் விளிம்புக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைச் சமமாக்குவர். அப்போது ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 6.4 மி.மீ. கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது வேறு, எல்லாருக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கச் செய்வது வேறு. குடும்பத் தலைவர்களும் பங்குத்தந்தையரும் எண்ணிப் பார்க்கத்தக்க கணக்கு இது.

இரண்டாவது, பள்ளங்களின் ஆழம். நட்டின் பள்ளம் ஆழமின்றி இருந்தால், தந்தி முதல் ஃபிரெட்டுக்கு மேல் மிக உயரத்தில் நிற்கும். அதனை அழுத்தப் பெரும் வலு தேவைப்படும். சுருதியும் உயர்ந்து போகும். எஃப் கார்டு அழுத்த முடியாமல் கண்ணீர் விடும் பிள்ளைகள் பலருடைய துன்பத்துக்குக் காரணம் அகலம் அன்று, இந்த உயரமே. கண்டறிவதும் எளிது. இரண்டாம் ஃபிரெட்டுக்கும் மூன்றாம் ஃபிரெட்டுக்கும் இடையே தந்தியை அழுத்திப் பிடித்து, முதல் ஃபிரெட்டுக்கு மேல் பார்க்க வேண்டும். மெல்லிய கீற்றளவு இடைவெளி மட்டும் தெரிந்தால் நன்று. தந்தி வெகுவாக மேலே நின்றால் பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். எங்கள் மின்கிட்டாரில் அவர் செய்து கொடுத்த வேலை இதுவே. இதனை வீட்டில் செய்து பார்க்கலாகாது. ஒரு தீற்று கூடினால் தந்தி ஃபிரெட்டில் மோதி இரையும்.

மூன்றாவது, கழுத்தின் நீளம். நட்டுக்கும் குதிரைக்கும் இடையே ஃபெண்டர் வகையில் 648 மி.மீ.; கிப்சன் வகையில் ஏறத்தாழ 628 மி.மீ.; செவ்வியல் கிட்டாரில் 650 மி.மீ. நீளம் குறைந்தால் ஃபிரெட்டுகளும் நெருங்கி வரும். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட்டு வரை 648 மி.மீ. கருவியில் 97 மி.மீ.; 628 மி.மீ. கருவியில் 94 மி.மீ. சிறிய கைக்கு அந்த மூன்று மில்லிமீட்டரும் ஆறுதலே. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டார்கள் செய்யப்படுவதும் இதனாலேயே.

நான்காவது, செலவு குறைந்த ஒரு வழி. கேப்போ என்னும் கவ்வியை இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டினால், அதுவே புதிய நட்டாகிவிடும். அவ்விடத்தில் தந்திகள் சற்று விரிந்திருக்கும், 35 மி.மீ. பரப்பு ஏறத்தாழ 37 ஆகும். அடுத்த ஃபிரெட்டின் தொலைவு 36 மி.மீ.இலிருந்து 32 ஆகக் குறையும். நட்டின் உயரக் கோளாறும் மறையும். ஒரே கவ்வி மூன்று நன்மைகளைத் தருகிறது. சுருதி ஒரு முழுச்சுரம் உயரும். பாடுவோருக்கு அது மிகுதியென்றால், தந்திகளை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்ளலாம்.

கருவியை வளைத்தவர்கள்

கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றுவது இசைக்குச் செய்யும் அவமதிப்பு என்று கருதுவோர் உளர். வரலாறு அதற்கு மாறாகவே பேசுகிறது.

மின்கிட்டார் உலகில் பெரும்பெயர் பெற்ற லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அதனாலேயே வாசிப்போரைக் கேட்டுக் கேட்டுக் கருவி செய்தார். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அவ்வாறு உருவானதே. 1960களில் அந்நிறுவனம் கழுத்துகளை ஏ, பி, சி, டி என்னும் நான்கு அகலங்களில் செய்து முத்திரையிட்டது. ஏ என்பது ஒன்றரை அங்குலம். ஒவ்வோர் எழுத்துக்கும் அரைக்கால் அங்குலம் கூடி, டி என்பது ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம். சட்டை வாங்குவோன் தன் கழுத்தளவைச் சொல்வதுபோல, கிட்டார் வாங்குவோன் அதன் கழுத்தளவைச் சொல்லலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலையில் பணிபுரிந்த டோனி அயோமி என்னும் இளைஞர், 1965இல் தமது பதினேழாம் வயதில், இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. இனி வாசிக்க இயலாது என்று எல்லாரும் சொன்னபோது, தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். 1928இல் தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்தும், எஞ்சிய விரல்களால் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகள் செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்த எளிதான மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டார். வாசித்துப் புகழும் பெற்றார். அவருடைய இசை எல்லாருக்கும் உவப்பாயிராது. ஆயினும் அந்த மேலாளரின் செயல் நமக்குப் பாடமாகும். அவர் கையைப் பழிக்கவில்லை, வழியைக் காட்டினார்.

நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. மாண்டலின் என்பது எட்டுத் தந்திகளை இரண்டிரண்டாக நான்கு இணைகளாய்ப் பூட்டிய கருவி. அதன் நட் ஏறத்தாழ 28 மி.மீ. அகலமே. இணைத்தந்திகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்ப முயன்றால் இரண்டும் சுருதி பிசகும். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்த மாண்டலின் சீனிவாஸ், மின்மாண்டலினில் இணைத்தந்திகளை நீக்கி ஐந்து தனித்தந்திகளைப் பூட்டி வாசித்தார். கருநாடக இசையின் கமகங்கள் அச்சிறு கருவியில் தடையின்றி ஒலித்தன. இக்கருவியில் நம் இசை வராது என்று அவர் ஒதுங்கியிருந்தால் இழப்பு நமக்கே.

மீண்டும் எங்கள் குழு

மூன்றாம் வாரத்தில் ஊரில் மூதாட்டி ஒருவர் இறந்தார். அடக்கத் திருப்பலிக்கு மின்சாரம் இல்லை. கிணறு வெட்டும் அந்த அன்பர் வந்தார். நைலான் கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்த்தார். அன்று ஒரு தந்திகூட மழுங்கவில்லை. ஆறு தந்திகளும் தனித்தனியே, தெளிவாக, மிகவும் பழகிய குரல்போல ஒலித்தன. அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வயது அவரை ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவரே மின்கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மாணவியிடம் நீட்டினார். "இதோட கழுத்து மெலிசு, தாயி. உன் விரலுக்குத்தான் சரியா நிக்கும். எனக்கு நம்ம பழசு போதும்." அவள் தயங்கி, "நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுங்க மாமா" என்றாள். ஊர்ப்பேச்சு அதோடு அடங்கியது. பிறர் பிடுங்கியதாகச் சொல்லப்பட்ட ஒன்றை அவர் தம் கையாலேயே கொடையாக்கிவிட்டார் அல்லவா!

எல்லாம் சீராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாணவிக்கு எஃப் கார்டு இன்னும் கடினமே. இரண்டாம் ஃபிரெட்டில் கவ்வி மாட்டித்தான் பல பாடல்களை வாசிக்கிறாள். அவரும் சில வேளைகளில் மின்கிட்டாரை ஏக்கத்தோடு பார்ப்பதுண்டு. ஆனால் இருவரும் குழுவில் இருக்கிறார்கள். தன் கையைப் பற்றி இருவருக்கும் இப்போது வெட்கமில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

கிட்டார் வாங்கச் செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். வியப்பளிக்க எண்ணி மறைவாக வாங்கிவராதீர்கள். பள்ளியில் பயன்படுத்தும் 15 சென்டிமீட்டர் அளவுகோலை எடுத்துச் சென்று நட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். பிள்ளையை உட்காரவைத்து, ஒரு விரலால் ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்தச் செய்து, பக்கத்துத் தந்தி தடையின்றி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஆள்காட்டி விரல் கழுத்தின் குறுக்கே முழுவதும் எட்டுகிறதா என்றும் பாருங்கள். விலையும் நிறமும் இவற்றுக்குப் பின்னரே. ஏற்கெனவே வீட்டில் தொங்கும் கிட்டார் இருந்தால், அதனை ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பொருந்தவில்லையெனில் மற்றொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஊமையாகக் கிடப்பது அடுத்த வீட்டில் பாடக்கூடும். அளவு பொருந்திய பின்னும் பயிற்சி வேண்டும். விரல் நுனி காய்க்கத்தான் வேண்டும். உழைப்பின் வலி வேறு, பொருத்தமின்மையின் வலி வேறு. முன்னது வளர்க்கும், பின்னது விரட்டும்.

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் மன்னர் தம் போர்க்கவசத்தை அணிவித்தார் என்று மறைநூலில் காண்கிறோம். அரச கவசம், நாட்டிலேயே சிறந்தது. ஆனால் அதை அணிந்து அவ்விளைஞனால் நடக்க இயலவில்லை. தாவீது தன் உடலைப் பழிக்கவில்லை. கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கைக்குப் பழகிய கவணையும் ஓடைக் கற்கள் ஐந்தையும் எடுத்துக்கொண்டான். யாழ் மீட்டிய கையும் அதே கைதான் என்பதை நினைவில் கொள்வோம்.

தம் நுகத்தைப் பற்றி ஆண்டவர் கூறிய இடத்தில், அது இனியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு, நன்கு பொருந்துவது என்னும் பொருளும் உண்டென்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஏர் உழும் நம் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பொருந்தாத நுகத்தடி மாட்டின் பிடரியைப் புண்ணாக்கும். மாடு சண்டித்தனம் செய்கிறதென்று அடிப்போரும் உண்டு. நல்ல உழவன் அடிக்குமுன் நுகத்தடியைத் தடவிப் பார்ப்பான். நம் பிள்ளைகள் சோர்ந்து நிற்கும்போது, அது கிட்டாராயினும் படிப்பாயினும் வேறெதுவாயினும், நாமும் முதலில் நுகத்தடியைத் தடவிப் பார்ப்போமாக.